உன் பொட்டு மறைக்கவில்லை, அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

அப்பா வெயில் இருக்கும்போதே காரின் முன்விளக்குகளைப் போட்டுவிடுகிறார். முதலில் நான் கவனித்தது இதைத்தான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரம், வெளிச்சம் நன்றாகவே இருக்கும். எதிரில் வண்டியில் வருகிறவர்கள் கையைத் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்து காட்டிவிட்டுப் போவார்கள். விளக்கு எரிகிறது, அணையுங்கள் என்று அர்த்தம். அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவார். அணைக்க மாட்டார்.

ஒருநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஏன் என்று கேட்டேன். "எரிஞ்சா எரியட்டும், பேட்டரி இன்னா உங்க மாமன் ஊட்டுதா?" என்றார். உன் தம்பியை இழுக்காமல் அவரால் ஒரு பேச்சை முடிக்க முடியாது. நானும் சிரித்துவிட்டேன். நீ இருந்திருந்தால் சிரித்துவிட்டு, அதற்கு மேலும் ஒரு கேள்வி கேட்டிருப்பாய். எனக்கு அந்த இரண்டாவது கேள்வி எப்போதும் வருவதில்லை.

அம்மா, இப்போது மத்தியானம். அப்பா உள்ளே மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறார். இன்று ராத்திரி அவர் திண்டிவனத்திலிருந்து கோட்டக்குப்பம் போய், வாடிக்கையாக நம் காரைக் கூப்பிடும் பர்வீன் அக்காவையும் அவருடைய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அவர் போகக் கூடாது. அவர் எழுந்திருப்பதற்குள் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டும். எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். வேறு நாலு பேர் கண்ணில் இது பட்டாலும் பரவாயில்லை, அவர்கள் வீட்டிலும் ஒரு டிரைவர் இருக்கலாம்.

போன ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா காரைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாய். சந்தனம் கரைக்க மறந்துபோயிருந்தோம். நான் உள்ளே ஓடப் பார்த்தேன். "வுடுடி, அது வேணாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த உன் ஸ்டிக்கர் பொட்டு இரண்டை எடுத்துவரச் சொன்னாய். நீ வைப்பாயே, அந்தப் பெரிய அரக்குக் கலர் பொட்டு. இந்த விளக்கில் ஒன்று, அந்த விளக்கில் ஒன்று, நட்ட நடுவில் ஒட்டினாய். "இப்பதான் மூஞ்சிக்குக் களை வந்துது" என்றாய். அப்பா அன்றைக்குச் சிரித்ததுபோல் அப்புறம் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழையிலும் கார்த்திகைப் புயலிலும் அந்தப் பொட்டு போகவில்லை. மார்கழியில் நீ போனாய். அப்பா காரைக் கழுவும்போது விளக்குப் பக்கம் வந்தால் குழாயை ஓரமாகத் திருப்பிக்கொள்வார்.

கார் ஸ்டாண்டில் பலராமன் மாமா இதை வைத்து அப்பாவை ஓட்டுவார். விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று சில நேரம் போலீஸ்காரர்கள் பிடிப்பார்களே, எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது என்று, அதைச் சொல்லித்தான் கிண்டல். "இன்னா ஏழுமல, போலீஸ்காரன் கறுப்பு ஒட்டுன்னா நீ செவப்பு ஒட்டிக்கினு சுத்தற. வண்டிக்கு மாப்ள பாக்கறியா?"

"பாத்துக்கினுதான் இருக்கேன். உன் வண்டிய வாணாம்னு சொல்லிடுச்சு" என்பார் அப்பா.

மாசி மாதத்தில் அவர் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தார். விளக்கு மங்கிப்போச்சு, ரோடே தெரியல, பேஜாரா இருக்கு என்றார். பலராமன் மாமா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த முறை கிண்டல் இல்லாமலே சொன்னாராம்: "வெளிச்சம் நடுவுலருந்துதான் வருது. நட்ட நடுவுல பொட்ட ஒட்டிட்டு வெளிச்சம் எங்கன்னா? அத மொதல்ல பிச்சிப் போடு." ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்களாம். அன்றைக்கு அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "பொட்டா மறைக்கும்?" என்று என்னைக் கேட்டார். அவருக்கும் அது உண்மையாக இருக்குமோ என்று பயம். நம் ஆட்களுக்குப் பொட்டு காக்கும் என்பது எப்படி நம்பிக்கையோ, அதுபோல அது மறைக்கும் என்பதும் நம்பிக்கைதான். யாரும் அதை எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்க்கவில்லை. எடுக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. பொட்டைத் தொடாமல் வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி என்றுதான் இரண்டு பேரும் யோசித்தோம்.

முதலில் பற்பசை. விளக்கின் மேல் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. ஈரத் துணியில் பற்பசையைத் தொட்டுத் தேய்த்தால் வெளுக்கும் என்று போனில் ஒரு வீடியோவில் காட்டினார்கள். நான் தேய்த்தேன். கோலத்தை மிதிக்காமல் நடப்பதுபோல உன் பொட்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கொஞ்சம் வெளுத்தது. அப்பா ஒரு சவாரி போய்விட்டு வந்து, அப்படியேதான் கீது என்றார்.

பிறகு விழுப்புரம் போய் பல்பு வாங்கினோம். கடைக்காரர் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றை எரியவிட்டுக் காட்டி, பகல் மாதிரி இருக்கும் என்றார். பெட்டியில் இருந்த எழுத்தை அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். கடையில் வேறு ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எங்க பொண்ணு பேசறது எறும்புக்கு மட்டுந்தான் கேக்கும்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டில் வைத்து நாங்களே மாட்டினோம். பானெட்டைத் தூக்கினால் விளக்குக்குப் பின்னால் பேட்டரி இடித்துக்கொண்டு கொஞ்சம்தான் சந்து இருக்கும். அப்பாவின் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை அமுக்கி விலக்கி, பழைய பல்பை எடுத்துவிட்டுப் புதியதை உட்கார வைக்க வேண்டும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். கிளிப் இரண்டு முறை என் நகத்தைக் கிழித்தது. மூன்றாவது முறை டக்கென்று மாட்டியது. அப்பா என் கையைத் துணியால் துடைத்துவிட்டு, "இது உங்கம்மா கைடி" என்றார். அம்மா, பத்தாவதை விட்டு நின்றதிலிருந்து யாரும் என்னிடம் நீ ஒரு வேலையைச் சரியாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. அந்த விளக்கு எரிந்தபோது நம் தெருவே வெள்ளையாகிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். எதிரே வருகிறவர்கள் எல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டித் திட்டினார்கள். நம் வெளிச்சம் அவர்கள் கண்ணைக் குத்தியது. அப்பாவோ அவர்கள் வெளிச்சத்தைத் திட்டினார். "எதிர்ல வர்றவன் லைட்டெல்லாம் கனகாம்பரம் பூத்தா மாதிரி விரியுது யமுனா. இப்ப எல்லாவனும் இன்னா பல்பு போட்றானோ" என்றார். விளக்கு பூவாக விரியுமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு விரியவில்லையே என்றும் சொல்லவில்லை.

பங்குனியில் விழுப்புரத்தில் உன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பொழுது சாய்ந்து, வானம் மட்டும் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் ரோட்டின் இடது பக்கத்தில் ஒரு கரும்பு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. பின்னால் விளக்கு இல்லை. டிரெய்லருக்கு வெளியேயும் கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது தூரத்திலேயே தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வண்டி விலகவில்லை. வேகம் குறையவில்லை. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அம்மா, சத்தியமாக வரவில்லை. முன்னால் இருந்த டேஷ்போர்டுப் பலகையைக் கையால் ஓங்கி அடித்தேன். அப்பா பிரேக்கை மிதித்தார். கரும்புத் தோகை கண்ணாடியைத் தடவியபோது வண்டி நின்றது.

அப்பா இறங்கிப் போய் டிராக்டர்காரரைக் கத்தினார். லைட்டு இல்லாம எவன்டா நிறுத்தச் சொன்னான் என்றார். அந்த ஆள் சண்டைக்கு வரவில்லை. நிதானமாக, "லைட்டு இல்லதாண்ணே, தப்புதான். இம்மாம் பெரிய கரும்புக் கட்டு கூடவா தெரில?" என்று கேட்டார்.

அப்பா திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார். வீடு வரும்வரை மெதுவாக ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "முழு ஹெட்லைட்டையும் மாத்திடலாம். பழசு எதுவும் வாணாம்" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

புது விளக்குகள் வந்தன. கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தன. பழையவற்றைக் கழற்றுவதற்கு முன்னால் அப்பா உன் பொட்டை நகத்தால் நெம்பினார். வரவில்லை. என்னை எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். வெந்நீர்த் துணியை வைத்து ஊறவிட்டு எடுத்தேன். பொட்டு இருந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் மஞ்சளாகாமல், புதிதாக, வட்டமாக இருந்தது. புது விளக்குகளை மாட்டி முடித்ததும் அப்பா அந்தப் பொட்டில் ஒன்றை வாங்கி விளக்கின் ஓரத்தில் ஒட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. நாக்கில் தொட்டு ஒட்டிப் பார்த்தார். விழுந்தது. மண்ணிலிருந்து எடுத்து ஊதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று பொழுது இறங்கியதும் விளக்கை மட்டம் பார்த்தோம். காரைச் சுவருக்கு நேராகத் தள்ளி நிறுத்தி, சுவரில் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்த்து, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி ஏற்றி இறக்க வேண்டும். எதிரில் நெல் குடோனின் பின்சுவர் இருக்கிறதே, அங்கேதான் செய்தோம். சாக்பீஸால் சுவரில் கோடு போட்டேன். அப்பா சீட்டில் இருந்தார். நான் திருகைத் திருப்புவதும் சுவருக்குப் போய்ப் பார்ப்பதுமாக இருந்தேன். வெளிச்சம் சுவரில் இரண்டு வட்டமாக, நன்றாக விழுந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு கையளவு இருக்க வேண்டும், சரியாக அங்கேயே நின்றது.

முடிந்தது என்று நினைத்து வட்டத்திலிருந்து ஓரடி நகர்ந்து பம்புக்குழாய் பக்கம் நின்றேன். எனக்கு எல்லாம் தெரிந்தது. குடோன் சுவரில் வெடிப்பு, குழாயின் கைப்பிடி, அப்பாவின் வெள்ளைச் சட்டை, ஸ்டியரிங் மேல் அவருடைய கை, எல்லாமே தெரிந்தது. அப்போது அப்பா கேட்டார்.

"யமுனா, எங்கடி போன?"

முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கினேன். ஸ்குரூ டிரைவரை ஆட்டினேன். அவருடைய முகம் என்னைத் தாண்டிப் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. "ஊட்டுக்குள்ள போய்ட்டியா?" என்றார். குரலில் ஒரு பயம் இருந்தது அம்மா. தொலைந்துபோன பிள்ளையின் குரல் மாதிரி. நான் பேசாமல் ஒரு அடி எடுத்து வைத்தேன். இன்னொரு அடி வைத்தேன். என் துப்பட்டாவின் நுனி அந்த வெள்ளை வட்டத்துக்குள் போன பிறகுதான், "ஆங், அங்கதான் கீறியா" என்றார்.

விளக்கை எவ்வளவு பெரிதாக மாட்டினாலும், அந்த வட்டத்துக்கு வெளியே அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. மங்கியது விளக்கு இல்லை. உன் பொட்டு எதையும் மறைக்கவில்லை, அம்மா. வெந்நீர் வைத்து எடுத்தேனே. எதற்காக எடுத்தேன்?

மறுநாள் காலையில் அவர் கார் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "ப்பா, கண்ணு காட்டலாம்பா" என்று மட்டும் சொன்னேன்.

"யாருக்கு?"

"உனக்கு."

குழாயை நிறுத்தினார். "உங்கம்மா அனுப்பினாளா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. டயர் பக்கத்தில் குந்திக்கொண்டார். "எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாத் தெரியும். டாக்டர்கிட்ட போனா கண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடுவான், டிரைவர் பேட்ஜ் போய்டும். பேட்ஜ் போச்சுன்னா எனக்கு இன்னா வேல தெரியும்? எவன் கொல்லையிலயாவது மல்லாட்ட புடுங்கப் போவட்டுமா? பகல்ல ஓட்டிக்கினு போய்டுவேன். ராத்திரிதான் கொஞ்சம் தடுமாறுது. லைட்டு இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டா சமாளிச்சுடுவேன்."

கண்ணுக்கு வைத்தியம் இருக்கும், பேட்ஜ் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல நினைத்தேன். இருக்குமா என்று எனக்கே தெரியவில்லை. உன்னை விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தபோதும் சரியாகிவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே ஏன் குந்திவிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் எழுந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். உன் படத்துக்கு முன்னால் நிற்க வைத்தார். ஈரக் கையாலேயே என் கையை எடுத்து உன் படத்தின் மேல் வைத்தார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு" என்றார். நான் நின்றேன். அவர் அழுதார். நீ போன அன்றைக்குக்கூட எனக்கு எதிரில் அவர் அழவில்லை. நான் சத்தியம் செய்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிறவர்கள் மேல் சத்தியம் செய்து மீறினால் அவர்களுக்கு ஆபத்து வரும் என்பார்கள். இல்லாதவர்கள் மேல் செய்தால் என்ன வரும்? நீ இருக்கிற இடத்தில் உனக்கு ஏதாவது ஆகுமா? உன்னை இன்னொரு முறை நோக வைப்பேனா? இதைக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் உன்னிடமே கேட்கிறேன்.

உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் உன் எண்ணில்தான் கூப்பிடுகிறார்கள், நீதானே எல்லோரிடமும் பேசி வைத்திருந்தாய். மணி அடித்தால் எடுத்து ஓடிப்போய் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். நேற்று பர்வீன் அக்கா குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அவருடைய கணவர் குவைத்திலிருந்து லீவில் வருகிறாராம், விடியற்காலை விமானம், பிள்ளைகளும் வருவோம் என்று அடம்பிடிக்கிறார்களாம், ஏழுமலை அண்ணன்தான் வர வேண்டும் என்றார். பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "மாமா, நான்தான் முன்னாடி குந்துவேன், அவன ஏத்தாதீங்க" என்றது. அதற்கு மேல் இன்னொரு குரல் கத்தியது. பர்வீன் அக்கா இரண்டு பேரையும் அடக்குவதற்குள் பதிவு முடிந்துவிட்டது.

அப்பா அதை இரண்டு முறை கேட்டுச் சிரித்தார். வரேன் என்று அவரே பேசிச் சொல்லிவிட்டார். போகாதப்பா என்றேன். இந்த முறை அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டவர் மாதிரிப் பேசினார்.

"நீயும் வா. பக்கத்துல குந்திக்க. சின்னது ரெண்டுத்துல ஒண்ண மடியில வெச்சிக்க. நீ பாத்துச் சொல்லிக்கினு வா, நான் ஓட்டிக்கினு வர்றேன். லாரின்னா லாரின்னு சொல்லு, ஆளுன்னா ஆளுன்னு சொல்லு. புது லைட்டு இருக்கு, நீ இருக்க. போதும் எனக்கு."

அம்மா, என் குரலை நம்பி அவர் கடற்கரை ரோட்டில் ஓட்டப் போகிறார். எறும்புக்கு மட்டும்தான் கேட்கும் என்று அவரே சொன்ன குரல் இது. கரும்பு டிராக்டர் முன்னால் வராத குரல். அதைச் சொன்னேன். "அன்னிக்குப் பலகைய அடிச்ச இல்ல, அத மாதிரி அடி" என்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எந்தக் கையால் அடிப்பேன்?

விளக்கைக் கழற்றி ஒளித்துவிடலாமா என்று பார்த்தேன். இப்போது எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, ரப்பர் மூடியும் கிளிப்பும் என் விரலுக்குப் பழகிவிட்டன. பானெட்டைத் திறந்து கையைக்கூட விட்டேன். வெயிலில் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. கழற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். விளக்கு கெட்டுவிட்டது என்று விளக்கைத்தான் திட்டுவார். பலராமன் மாமாவிடம் வேறு பல்பு வாங்கி மாட்டிக்கொண்டு போவார். மறுபடியும் எல்லோரும் விளக்கைப் பற்றியே பேசுவார்கள். மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு வந்துவிட்டேன். சாவியை ஒளித்தாலும் அப்படித்தான். இந்த ராத்திரி நின்றுபோனாலும் நாளைய ராத்திரி இருக்கிறது.

பலராமன் மாமாவிடம் சொல்லலாம். சொன்னால் ஸ்டாண்டு முழுவதும் தெரியும். அப்பா அங்கே எப்படிப் போய் நிற்பார்? யாரிடமாவது சொன்னால் அப்பா போய்விடுவார், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள். இப்படித்தான் நேற்றிலிருந்து என் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சோறு இறங்கவில்லை. கேப்பைக் கூழ் கரைத்து வைத்தேன், அதுவும் இறங்கவில்லை. நீ என்றால் என்ன செய்திருப்பாய்? அந்த இரண்டாவது கேள்வியை மாசியிலேயே கேட்டிருப்பாய். பங்குனிக்கு முன்னால் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பாய். "பேட்ஜ் போனா போவுது, ஆளு இருந்தா போதும்" என்றிருப்பாய். அதைச் சொல்ல நீ இல்லை. நீ இருக்கிற இடத்திலிருந்து என்னிடம் ஏதாவது சொல்கிறாயா என்று காலையிலிருந்து உன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். படம் படமாகவே இருக்கிறது.

உன் மேல் செய்த சத்தியத்தை உனக்குத் தெரியாமல் உடைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை, தெரிவித்துவிட்டுத்தான் செய்கிறேன். பாவம் என்றால் அது எனக்கு வரட்டும். உனக்கு வேண்டாம், நீ பட்டது போதும்.

இனி உன் பேரைச் சொல்லி யாருக்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் பேரில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளை விடிந்ததும் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவேன். அவர் திட்டினாலும் போவேன். பேசாமல் இருந்தாலும் போவேன். அவர் என்ன சொல்கிறாரோ அதையும், அவர் சொல்லாமல் மறைப்பதையும் டாக்டரிடம் நானே சத்தமாகச் சொல்வேன். கேட்கவில்லை என்றால் மறுபடியும் சொல்வேன். பேட்ஜ் போனால் போகட்டும். அதற்கு அப்புறம் என்ன சாப்பிடுவோம் என்று எனக்குத் தெரியாது அம்மா. உண்மையாகவே தெரியாது.

உள்ளே அப்பா புரண்டு படுத்தார். கட்டில் சத்தம் கேட்டது. பேனாவை வைத்துவிட்டு உன் போனை எடுத்துக்கொண்டு குடோன் சுவர்ப் பக்கம் போனேன். பர்வீன் அக்காவின் பெயரைத் தொட்டேன். வெகுநேரம் மணி அடித்தது. "அலோ, யாரு, யமுனாவா?" என்றார். நான் சொன்னேன்.

"அக்கா, இன்னிக்கு எங்கப்பா வண்டியில ஏறாதீங்க. அவருக்கு ராத்திரியில கண்ணு தெரியல."

இப்படிக்கு,
உனக்கும் ஏழுமலைக்கும் பிறந்த ஒரே பெண்,
யமுனா